பூஜைக்குப் போன பதக்கங்கள்

என் மகள் இப்போதெல்லாம் எங்களிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறாள். சாப்பாடு எப்படி என்றால் நன்றாக இருக்கிறது என்கிறாள். மாடி அறை வெக்கையாக இருக்கிறதா என்றால் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்கிறாள். வந்த வீட்டில் இரண்டாவது முறை சோறு வேண்டாம் என்று இலையை மறைக்கும் விருந்தாளியைப் போல எல்லாவற்றுக்கும் லேசாகச் சிரித்துத் தலையசைக்கிறாள். இதே பெண் ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள்தான். அந்தச் சண்டைக்காரி எனக்குத் திரும்பக் கிடைப்பாளா என்பது ஒன்றுதான் இன்று என் கவலை. மற்ற கவலைகளுக்கு உள்ளே இடமில்லை.

நாங்கள் ஓசூரில் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறோம். தொழிற்பேட்டையின் பின்வரிசையில் என் கணவர் ஒரு சிறிய முலாம் பட்டறை நடத்துகிறார். பெரிய கம்பெனிகளிலிருந்து நட்டும் போல்ட்டும் பிராக்கெட்டும் மூட்டை மூட்டையாக வரும். துரு நீக்கி, மெருகு போட்டு, துத்தநாகமோ நிக்கலோ ஏற்றித் திருப்பி அனுப்புவோம். நான் வேதியியல் படித்தவள். காலையில் தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, எதில் எந்த உப்பு குறைகிறது என்று சொல்வது என் வேலை. மெருகு அவருடைய வேலை. வாலிப வயதில் பஃபிங் என்கிற மெருகுச் சக்கரத்தின் முன்னால் நின்று தொழில் கற்றவர். கறுத்துப்போன உலோகம் எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் அங்கே குத்துவிளக்கின் தண்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்.

அவருக்கு நிறம் பிடிபடாது. துத்தநாகம் ஏற்றிய பிறகு சில உருப்படிகளுக்கு மஞ்சள் சாயை வர வேண்டும். அது சரியாக வந்ததா, பச்சையடிக்கிறதா, சிவப்பேறிவிட்டதா என்று பார்ப்பதற்குச் சில பெண்களை வேலைக்கு வைத்திருந்தோம். அவர் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போய் நிற்பார்.

"மஞ்சள் ஒழுங்கா வந்திருக்குதா பாருங்கம்மா."

"ஐயோ அண்ணா, இது பச்சையா கெடக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

"கலரு உங்க டிபார்ட்மெண்டு. பளபளப்பு என் டிபார்ட்மெண்டு."

"அப்ப ரோட்டுல சிக்னலு? யாரு பச்சை சொல்றது, அண்ணியா?"

"பின்னாடி நிக்கறவன் ஆரன் அடிச்சா பச்சை. இது கூடத் தெரியாம நீங்க எப்படித்தான் பஸ்சுல வரீங்களோ."

எல்லோரும் சிரிப்போம். பல வருடங்கள் சிரித்தோம்.

தளிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பசுமைக்குடில் போட்டுக் குடமிளகாய் வளர்க்கிறது. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். பழுத்த சிவப்புக் காயாகப் பார்த்து ஒரு கூடை பறித்துக்கொள்ளுங்கள் என்று அந்த வீட்டு அம்மா கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். கூடை நிறையக் கொண்டு வந்தார்கள். பாதிக்கு மேல் பச்சை. "அப்பனுக்கு ஏத்த மக" என்று நான்தான் சொன்னேன். அவள் பெருமையாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பிறந்த சிங்காரப்பேட்டையில் என் அப்பாவும் அப்படித்தான், ஈரச் செம்மண்ணும் பச்சைப் புல்லும் ஒன்றுபோல இருக்கிறது என்பார். நாங்கள் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டோம்.

அவள் எட்டாவது படித்தபோது பெங்களூருப் பக்கம் நடக்கும் விமானக் காட்சிக்கு மூவரும் போனோம். வெயிலில் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வரும் வழியில் வாசலுக்கு வெளியே ஒரு பெரியவர் மேசையில் துணி விரித்துப் பழைய நாணயங்களும் பதக்கங்களும் வைத்திருந்தார். மகள் அதில் ஒன்றைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வெண்கலம். ஒருபுறம் தோல் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். காதருகே தொப்பிக்குள் அடங்காமல் சில முடிக்கற்றைகள். மறுபுறம் அலைகளுக்கு மேலே ஒரு சின்னஞ்சிறு விமானம். தனியாகக் கடலைப் பறந்து தாண்டிய பெண்ணின் நினைவாக அடித்தது என்று பெரியவர் சொன்னார். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் வண்டிகள் நகராமல் நின்ற அந்த மாலை முழுவதும் அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, இவங்க முடியைப் பாரேன். காத்துல பறக்குது."

"வெண்கலத்துல எப்படிடி பறக்கும்?"

"பறக்குதும்மா. நல்லாப் பாரு."

அன்று தொடங்கியது. பிறந்தநாளுக்குத் துணி வேண்டாம், பதக்கம் வேண்டும். தீபாவளிக்கும் அப்படியே. பெங்களூரில் நாணயச் சந்தை நடந்தால் காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். பாகற்காய் பேரம் பேசத் தெரியாதவள், அங்கே நரைத்த தலைகளோடு நின்று விளிம்பில் உள்ள முத்திரையைக் காட்டி வாதாடுவாள். கடலிடுக்கு ஒன்றை முதன்முதலில் பறந்து கடந்தவருக்கான பதக்கம். ஒலியை முந்திய விமானத்துக்கானது. நம் நாட்டில் ஆற்றுக்கு மேலே தபால் மூட்டையைச் சுமந்து பறந்த முதல் விமானத்துக்கானது; அதன் இறக்கைகள் மூங்கில் தட்டி போல இருக்கும். ஒவ்வொன்றையும் விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. ஒருமுறை நான் ஈரக்கையோடு தொட்டுவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

"கறுத்துப் போயிருக்குதே, லேசா புளி போட்டுத் தேய்ச்சா என்னடி" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மா! நீ கெமிஸ்ட்ரி படிச்சவதானே? அது அழுக்கு இல்ல. பள்ளத்துல கறுப்பு தங்கி, மேட்டுல கொறைஞ்சிருக்குது பாரு, அதனாலதான் மூஞ்சியே தெரியுது. அதை எடுத்துட்டா வெறும் தட்டு."

நிறத்தை விட நிழலைக் கொண்டே அவள் உலகத்தைப் பார்த்துவந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஓடுதளம் உண்டு. சில நாட்களில் சின்ன விமானங்கள் வீட்டுக்கு மேலே தாழப் போகும். சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடுவாள். பிறகு ஓடவும் தேவையில்லாமல் போயிற்று. சமையலறையில் நின்றபடியே சத்தத்தை வைத்து என்ன விமானம் என்று சொல்வாள். பள்ளிக்கூடம் முடிந்து இயற்பியலில் பட்டம் படித்ததெல்லாம் பைலட் ஆவதற்கான காத்திருப்பு மட்டுமே. பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆசைதான். இருந்தாலும் அவள் அப்பா ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. "ஏறட்டும். மேல இருந்து நம்ம பட்டறைக் கூரையில எங்க ஒழுகுதுன்னு பார்த்துச் சொல்லுவா" என்பார்.

பைலட் பயிற்சியில் சேருவதற்கு முன்னால் உடல் தகுதிச் சோதனை உண்டு. பெங்களூரில் அதற்கான மருத்துவரிடம் போனோம். நான் பயந்ததெல்லாம் அவள் உயரத்தையும் இரத்த சோகையையும் பற்றித்தான். கண் அறையில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். அவள் முதல் பக்கத்தில் சொன்னாள். அடுத்த பக்கத்தில் நேரம் எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்ததில் அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் படிக்காத கேள்வி வந்தவளின் முகம் அல்ல அது. கேள்வியே அச்சாகாத தாளைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா எண்களும் தெரிந்தன. அவை என் வாய் வரை வந்தன.

பிறகு விளக்குகளை வைத்து இன்னொரு சோதனையும் செய்தார்கள். அதிலும் சிவப்புக்கும் பச்சைக்கும் தடுமாறினாள்.

"பொண்ணுங்களுக்கு இது ரொம்ப அபூர்வம்மா" என்றார் மருத்துவர். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். "அப்பாவுக்கும் இருக்கணும், அம்மா வழியிலயும் வரணும். ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் பொண்ணுக்கு வரும்." அப்புறம் என் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து அதே புத்தகத்தைக் காட்டினார்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். சிரித்தார். "புள்ளி புள்ளியா நல்லா இருக்குது சார். நம்பரு எங்க இருக்குது?"

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வரும் வழியில் காரில் அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்து, "எனக்கும் இருக்குதாமே கண்ணு. நான் என்ன கெட்டுப் போயிட்டேன்? கார் ஓட்டலையா, தொழில் பண்ணலையா?" என்றார்.

"நீங்க பிளேன் ஓட்டலையேப்பா" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் மாடி அறைக்குள் போனாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், பாதியில் எழுந்து போவாள். குளிக்காமல் இருப்பாள். விமானச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். அறைக் கதவின் உள் தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை என்று பொய் சொல்லி அதை நான் கழற்றிவிட்டேன். அவளுக்கும் அது பொய்யென்று தெரியும். ஏதாவது சாக்கு வைத்து மாடிப்படி ஏறுவதும், கதவுக்கு வெளியே நின்று உள்ளே அசைவு கேட்கிறதா என்று காதைக் கொடுப்பதும், கேட்டதும் இறங்குவதும் என் வழக்கமாயிற்று. உள்ளிருந்து பெரும்பாலும் கேட்டது பதக்கங்களின் சத்தம்தான். மரப்பெட்டியில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் மெல்லிய சத்தம். அது கேட்கும் வரை அவள் இருக்கிறாள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அழைப்பு வந்தது. பெங்களூரில் நாணயமும் பதக்கமும் சேகரிப்பவர்கள் சிலர் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், விமானப் பதக்கங்களுக்கென்று தனி மேசை போட்டால் அவள் வருவாளா என்றும் ஒரு அம்மா போனில் கேட்டிருக்கிறார். மகள் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாவது நாள் கீழே இறங்கி வந்து, "எனக்குக் கறுப்புத் துணி வேணும்" என்றாள்.

நான் கடைக்கு ஓடி நல்ல கறுப்பு வெல்வெட் வாங்கி வந்தேன்.

"வெல்வெட் யாரு கேட்டா? இது மினுங்கும்மா! லைட் போட்டா பதக்கத்துக்குப் பதிலா துணியைத்தான் பாப்பாங்க. ஒரு வேலை சொன்னா ஒழுங்கா செய்ய மாட்டியா?"

சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே விளங்கவில்லை. என் மகள் என்னைத் திட்டுகிறாள்! மறுநாள் மினுங்காத பருத்தித் துணி வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் ஓரம் சரியாக மடிக்கவில்லை என்று ஒரு குறை கண்டுபிடித்தாள். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் கோணலாக மடித்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

கண்காட்சி ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்பது சாமி கும்பிடுவது மட்டுமல்ல. முந்தின நாள் மாலை தொட்டிகளை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, தரையைச் சோடா போட்டுக் கழுவுவோம். ஸ்பேனர், மைக்ரோமீட்டர், எடைத் தராசு, தள்ளுவண்டி, அவரவர் மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றையும் துலக்க வேண்டும். பூஜையில் வைக்கும் பொருளில் ஒரு பொட்டுத் துருவோ கறுப்போ இருக்கக்கூடாது என்பது என் கணவரின் சட்டம். மற்ற பட்டறைக்காரர்கள் சுத்தம் செய்வார்கள். எங்கள் தொழிலே மெருகு என்பதால் நாங்கள் முகம் பார்க்கிற அளவுக்குத் துலக்குவோம். வாழைமரம் கட்டின வாசலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து எங்கள் ஸ்பேனரில் தலை சீவிக்கொள்வது போல நடித்துக் கேலி செய்வார்கள்.

பள்ளிக்கூட நாட்களில் மகளின் புத்தகங்களும் அந்த வரிசையில் இருக்கும். அந்த வருடம் புத்தகம் எதுவும் இல்லை. பூஜைக்கு முந்தின நாள் காலையில் என் கணவர் மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு மேலே பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கண்ணு, உன் மெடலைப் பூஜைக்கு வெச்சிக்கலாமா? அதுவும் படிப்புதானே."

மேலே பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவளே மரப்பெட்டியோடு இறங்கி வந்தாள். "வெச்சுக்கோங்கப்பா. நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

நாளைக்கு நானும் வரேன். அவர் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நான் சுண்டலுக்குக் கடலை ஊறவைக்கவும், ஆட்களுக்குப் பொரிப் பொட்டலம் கட்டவும் வீட்டில் தங்கிவிட்டேன். அந்த நாள் முழுவதும் எனக்கு வேலையே களைப்பாக இல்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் பட்டறைக்குப் போனோம். பல மாதங்களுக்குப் பிறகு அவள் தெருவில் கால் வைக்கிறாள். நிறம் பார்க்கும் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"வா கண்ணு! என்னா இப்படி எளைச்சிட்ட? உங்கம்மா சோறு போடறாளா இல்லையா?"

"பைலட்டம்மா வந்துட்டாங்கடி, வழி விடுங்கடி" என்றாள் ஒருத்தி. அவளுக்கு விஷயம் தெரியாது. மகள் சிரித்துக்கொண்டாள்.

உள்ளே சரஸ்வதி படத்துக்கு முன்னால் கருவிகள் அடுக்கியிருந்தன. சந்தனமும் குங்குமமும் வைத்த ஸ்பேனர்கள், மைக்ரோமீட்டர்கள், புதுத் துணி மாட்டின பஃபிங் சக்கரம். எல்லாவற்றுக்கும் முன்னால், நடுநாயகமாக, ஒரு பெரிய தட்டு. அதில் வட்ட வட்டமாக ஏதோ கண்ணைக் கூச வைத்தது. ஆட்களுக்குப் பரிசு கொடுக்க இந்த வருடம் எவர்சில்வர் கிண்ண மூடி வாங்கியிருக்கிறாரோ என்று முதலில் நினைத்தேன்.

என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. பஃபிங்கில் வேலை செய்யும் தளிக்காரர் பக்கத்திலிருந்து, "சக்கத்தாகிதே சார்!" என்றார் கன்னடத்தில். பிரமாதமாக இருக்கிறதாம்.

"பாரு கண்ணு" என்றார் என் கணவர். "ஒருத்தரையும் தொட விடல. எல்லாம் நானே சக்கரத்துல பிடிச்சேன். மேல நிக்கல் ஏத்திட்டேன். இனி ஆயுசுக்கும் கறுக்காது. எக்சிபிஷன்ல உன் மேசைதான் டாலடிக்கும்."

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்து தட்டையே பார்த்தேன். மெருகுச் சக்கரம் கறுப்பை மட்டும் எடுக்காது, உலோகத்தையும் சேர்த்தே எடுக்கும். மேடு தேய்ந்து பள்ளத்தோடு சமமாகும். அதன்மேல் நிக்கலும் ஏறினால் மிச்சமிருக்கும் கோடும் நிரம்பிவிடும். ஆற்றுக்கு மேலே தபால் கொண்டுபோன விமானத்தின் மூங்கில் தட்டி இறக்கைகள் இருந்த இடத்தில் வழவழப்பாக ஒரு தழும்பு தெரிந்தது.

அவள் தட்டருகே மண்டியிட்டாள். ஒன்றை எடுத்தாள். விளிம்பில் பிடிக்கவில்லை. கட்டைவிரலை அப்படியே முகத்தின் மேல் வைத்துக் குங்குமத்தைத் துடைத்தாள். கீழே அவள் முகம்தான் தெரிந்தது. திருப்பிப் பார்த்தாள், மறுபடி திருப்பினாள்.

"இது எதுப்பா?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். எழுத்தைத் தேடினார். "அது… அந்தத் தொப்பி போட்ட அம்மா இல்ல?" என்றார். அவர் குரல் அங்கேதான் முதன்முதலாகத் தடுமாறியது.

அவள் அதை இருந்த இடத்திலேயே வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரையும் போல அவளும் சுடர் மேல் கைகளை வைத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரிப் பொட்டலத்தைப் பிரித்துப் பெண்களோடு நின்று சாப்பிட்டாள். அவள் கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். எறிந்தால் நான் அவள் பக்கம்தான் நின்றிருப்பேன். அவள் பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு என் கணவரிடம் நான் விளக்கிச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் பள்ளத்தில் கறுப்பு, மேட்டில் வெளிச்சம் என்று அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். கேட்கக் கேட்க அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுக்குன்னு நெனைச்சேன்டி" என்றார். "எல்லாருக்கும் செஞ்சு குடுக்கறேன், எம் புள்ளைக்குச் செய்யலையேன்னு நெனைச்சேன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் கையில் இருப்பது அந்த ஒரு வித்தைதான். அதில் உள்ளதிலேயே உயர்ந்ததைத்தான் அவளுக்குக் கொடுத்தார்.

கண்காட்சிக்கு வரமுடியவில்லை என்று அவளே போன் செய்து சொல்லிவிட்டாள். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னது மாடிப்படி வரை கேட்டது. மிகவும் பணிவாகப் பேசினாள். அந்தக் கறுப்புத் துணியை மடித்து என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தாள். "நல்ல துணிம்மா, உனக்கு எதுக்காவது ஆகும்" என்றாள்.

என் கணவர் விடவில்லை. கோயில் விளக்குகளுக்குப் பழைய தோற்றம் கொடுப்பதற்கு ஒரு கறுப்பு மருந்து உண்டு. அமிலத்தில் நிக்கலை உரித்துவிட்டு, அந்த மருந்தில் பதக்கங்களை முக்கி எடுத்தார். விளக்கென்றால் அப்புறம் துணியால் மேலாகத் துடைப்பார்கள். மேடு வெளுத்து, பள்ளம் கறுத்து நிற்கும். இங்கே துடைப்பதற்கு மேடு ஏது? சமமாகக் கறுத்துக் கிடந்தன. நான் போனபோது அவர் ஒன்றைப் பெண்களிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"கலரு சரியா இருக்குதா பாருங்கம்மா. பழைய வெண்கலம் மாதிரி வந்திருக்குதா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிக்னல் கேலி செய்கிறவள்தான் பேசினாள். "அப்படியே இருக்குதுண்ணா" என்றாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன்.

"பாரு கண்ணு, பழையபடி கறுப்பாக்கிட்டேன்."

அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுப்பா" என்றாள். "ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க. தேங்க்ஸ்பா."

அவர் ஏமாந்தாரா, ஏமாந்ததுபோல இருந்தாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காரில் 'நீங்க பிளேன் ஓட்டலையேப்பா' என்று சொன்னவள் எங்கே போனாள்? எங்களிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த மரியாதை.

இப்போது அவள் நேரத்துக்குக் குளிக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிட வருகிறாள். சொந்தக்காரர்கள், பரவாயில்லையே, தெளிந்துவிட்டாளே என்கிறார்கள். வாரம் ஒருமுறை அத்திப்பள்ளி தாண்டிப் போய் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கிறோம். அவரிடமும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறாளாம். நான் அவரிடம் தனியாகப் பேசினேன். பொறுமையாக இருங்கள், அருகிலேயே இருங்கள் என்றார். அருகில் இருக்கிறேன். மாடியிலிருந்து பெட்டியின் சத்தம் மட்டும் கேட்பதில்லை. படியில் நின்று நான் எதைக் கேட்பது?

போன வாரம் பட்டறைக்கு எங்களோடு வந்திருந்தாள். முற்றத்தில் மூவரும் நின்றுகொண்டிருந்தபோது கூரைக்கு மேலே ஒரு சின்ன விமானம் தாழப் போனது. அவள் தலை நிமிரவில்லை. அவளுக்கும் சேர்த்து அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்.

"அது என்ன பிளேன் கண்ணு?"

"தெரியலப்பா" என்றாள்.

நேற்று மதியம் ரசம் வைத்தேன். போட வேண்டிய உப்பைப் போட்டேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு நின்று யோசித்து, இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

மூவரும் உட்கார்ந்தோம். அவள் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டைத் தள்ளட்டும் என்று. அவள் அடுத்த வாய் எடுத்தாள். அவர் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"ரசம் எப்படிடி இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் தட்டில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து லேசாகச் சிரித்தாள்.

"நல்லா இருக்குதும்மா."